நகம் கடிக்கும் பழக்கத்தை சுய ஹிப்னாடிசத்தால் விடுவது எப்படி

நகம் கடிக்கிறவரிடம் "கடிக்காதே" என்று சொல்லிப் பயனில்லை. கை வாய்க்குப் போனதே அவருக்குத் தெரியாது. பல்லுக்கு நடுவில் நகம் நறுக்கென்று ஒடியும்போதுதான் தெரியும், அதற்குள் காரியம் முடிந்திருக்கும். வீட்டுப் பெரியவர்கள் தரித்திரம் என்று திட்டிப் பார்ப்பார்கள், கையைத் தட்டிவிட்டுப் பார்ப்பார்கள், வேப்பெண்ணெய் தடவிப் பார்ப்பார்கள். எல்லாம் இரண்டு நாளைக்குத்தான். விரல் நுனி வெளியே தெரியாமல் மடக்கி வைத்துக்கொண்டு, பேங்க் கவுண்டரில் கையெழுத்துப் போடக்கூடக் கூச்சப்படுகிற ஒருவரிடம் போய் "உனக்கு மன உறுதி போதவில்லை" என்று சொல்வது அநியாயம். அவருக்கு விட வேண்டும் என்ற ஆசை நம்மைவிட அதிகம்.

கவனத்துக்குத் தெரியாமல் நடக்கிற ஒரு காரியத்தைக் கவனத்துக்குக் கொண்டுவர ஒரு வழி வேண்டும், அதற்கு ஹிப்னாடிசம் நன்றாகவே உதவுகிறது. ஆனால் பலரும் நினைக்கிற மாதிரி யாரோ ஒருவர் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதும் பழக்கம் ஓடிப்போய்விடாது. மனம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிற பத்துப் பதினைந்து நிமிடத்தில், கை மேலே கிளம்புகிற அந்த ஒரு கணத்தை மெதுவாக, திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிறோம். அவ்வளவுதான் விஷயம். ஒத்திகை உங்கள் நிஜ வாழ்க்கையில் கை கிளம்புகிற இடத்தோடு பொருந்தினால் பலன் கிடைக்கும். பொருந்தாவிட்டால் நல்ல ஓய்வு கிடைக்கும், நகம் கிடைக்காது.

கடிகாரத்தை ஆட்டுவது, மேடையில் ஆளைக் கட்டையாகப் படுக்க வைப்பது, இதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஹிப்னாடிச நிலையில் நீங்கள் தூங்குவதில்லை. தெருவில் ஹாரன் அடிப்பது கேட்கும், விருப்பமில்லாததை யாரும் செய்ய வைக்க முடியாது, எழுந்திருக்க நினைத்தால் எழுந்துவிடலாம். நல்ல கதைப் புத்தகத்தில் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் கூப்பிடுவது லேசாகக் காதில் விழுந்தும் திரும்பாமல் இருப்போமே, ஏறக்குறைய அந்த நிலை. எல்லாருக்கும் ஒரே அளவு வராது என்பதும் உண்மை. இதை அளப்பதற்கு 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு அளவுகோலே உருவாக்கினார்கள். சிலர் சட்டென்று ஆழமாகப் போய்விடுகிறார்கள், சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் பெரிதாக எதுவும் ஆவதில்லை, பெரும்பாலானவர்கள் நடுவில் இருக்கிறார்கள். நடுவில் இருந்தால் இந்த வேலைக்குப் போதும்.

இது மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், மயக்க மருந்து என்று ஒன்று வருவதற்கு முன்பே, நோயாளிகளை இதுபோன்ற நிலைக்குக் கொண்டுபோய்ப் பெரிய கட்டிகளை அறுத்து எடுத்திருக்கிறார். ஆனால் வலியைத் தடுப்பதற்கும் பழக்கத்தை விடுவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அறுவை நடக்கும் நேரத்தில் ஆள் அந்த நிலையில் இருந்தால் போதும், வேலை முடிந்தது. நகம் கடிப்பது அப்படியில்லை. கண் திறந்து, முகம் கழுவி, வேலைக்குப் போய், மதியம் மீட்டிங்கில் மேனேஜர் எக்ஸெல் ஷீட்டைத் திறக்கும்போதுதான் கை கிளம்பும். அந்த மதியத்தை எப்படிக் காலையிலேயே உள்ளே கொண்டுபோவது என்பதுதான் கீழே இருப்பது எல்லாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நகம் கடிப்பதற்கு ஹிப்னாடிசத்தை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள் குறைவு, சிறியவை. இன்னும் வலுவான ஆதாரம் இருப்பது கைக்கு ஒரு மாற்று வேலை கொடுக்கும் முறைக்கு. 1973இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதை வகுத்தார்கள். கை வாய்க்குக் கிளம்புவதை உணர்ந்ததும் முஷ்டியை மூடியோ, ஒரு பொருளை இறுகப் பிடித்தோ சில நிமிடம் வைத்திருக்கச் சொன்னார்கள். 2023இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் குழு இன்னும் மென்மையான ஒரு வழியைச் சோதித்தது. நகம் கடிப்பவர்கள், தோல் பிய்ப்பவர்கள், முடி பிடுங்குபவர்கள் என்று 268 பேர். அவர்களில் ஒரு பகுதியினரை விரல் நுனிகளையும் உள்ளங்கையையும் லேசாக வருடிக்கொண்டிருக்கப் பழக்கினார்கள். ஆறு வாரத்தில் அவர்களில் 53 சதவீதம் பேர் ஓரளவாவது குறைந்ததாகச் சொன்னார்கள், பழகாதவர்களில் 20 சதவீதம் பேர்தான். அதிலும் நகம் கடிப்பவர்களுக்குத்தான் கூடுதல் பலன். அதனால் என் கருத்து இதுதான்: மாற்று வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் கைக்குள் பதியவைக்க ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்துங்கள். இரண்டையும் தனித்தனியாகச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இரவு முழுக்கத் தலையணைப் பக்கத்தில் ஓடவிடும் ஆடியோக்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1942இல் லாரன்ஸ் லெஷான் என்ற அமெரிக்கர் ஒரு ஆய்வை வெளியிட்டார். கோடை முகாமில் நகம் கடிக்கும் பையன்கள் 20 பேர் தூங்கும்போது, "என் விரல் நகம் பயங்கரமாகக் கசக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தை ஒரு இரவுக்கு 300 தடவை கிராமபோனில் ஓட்டினார். இடையில் கிராமபோன் பழுதாகிவிட, மனிதர் தானே இருட்டில் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். முகாம் முடியும்போது 8 பேர் விட்டிருந்தார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் 1956இல் சைமனும் எம்மன்ஸும் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, நிஜமான தூக்கத்தில் சொல்வது எதுவும் மனதில் நிற்பதில்லை, அரைத் தூக்கத்தில் விழித்திருக்கும் நேரத்தில் காதில் விழுவதுதான் நிற்கிறது என்று தெரிந்தது. அந்தப் பையன்களும் புரண்டு படுத்தபோது கேட்டிருக்கலாம். ஆகவே ஆடியோவை விழித்திருக்கும்போது, உட்கார்ந்து, கவனத்தோடு கேளுங்கள். தூங்கிப்போனால் அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை என்று அர்த்தம்.

ஆரம்பிக்கும் முன் யார் கொஞ்சம் நிற்க வேண்டும்? வலிப்பு இருப்பவர்கள், இல்லாத குரல் கேட்பது மாதிரியான மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், பழைய கசப்பான சம்பவம் கண்ணை மூடினாலே எதிரே வந்து நிற்கிறது என்பவர்கள். இவர்கள் தனியாகச் செய்யாமல் மருத்துவரைக் கேட்டுவிட்டு அவர் மேற்பார்வையில் செய்வது நல்லது. நகத்தோரம் சிவந்து வீங்கி விண்ணென்று தெறிக்கிறது, சீழ் கோத்திருக்கிறது என்றால் அது நகச்சுற்று, முதலில் அதை டாக்டரிடம் காட்டுங்கள், எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ரத்தம் வருகிற அளவு கடிக்கிறீர்கள், கூடவே முடியும் பிடுங்குகிறீர்கள், பதற்றத்தால் தூக்கம் போகிறது என்றாலும் முதலில் மருத்துவர்தான்.

சரி, இனி வேலை.

முதல் வாரம் எதையும் நிறுத்த வேண்டாம். பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். கை வாய்க்குப் போனது தெரிந்ததும் போனில் ஒரே வரி: எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன், எந்த விரல். "சிக்னல், வண்டியில், வலது கட்டைவிரல்." "ஐபிஎல் கடைசி ஓவர், இரண்டு கையும்." "அம்மா போன், இடது ஆள்காட்டி." கடித்து முடித்தபிறகு தெரிந்தாலும் குறியுங்கள். நாலைந்து நாளிலேயே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். சிலருக்குப் பதற்றத்தில் கை போகும்: பதில் வராத வாட்ஸ்அப், தேர்வு, மேனேஜர். சிலருக்கு அதற்கு நேர்மாறாக, சும்மா இருக்கும்போது போகும்: டிவி, பஸ், யாரோ பேசப் பேச நாம் ஊம் போட்டுக்கொண்டிருக்கும் போன். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. இவர்களுக்கு நகத்து முனையில் ஒரு பிசிறு தட்டுப்பட்டால் போதும், அதைச் சமன்செய்கிறேன் என்று பல் போகும், பல் இன்னொரு பிசிறை உண்டாக்கும், அதைச் சமன்செய்ய மறுபடி பல். கட்டைவிரல் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பிசிறு தேடிக்கொண்டே இருக்கும். நீங்கள் இதைப் படிக்கும்போதே உங்கள் கட்டைவிரல் அதைச் செய்துகொண்டிருந்தால் நீங்கள் இந்தக் கூட்டம்.

இந்த மூன்றில் நீங்கள் எது என்பது முக்கியம், ஏனென்றால் பயிற்சியின்போது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளப்போகும் வாக்கியம் அதைப் பொறுத்து மாறும். பதற்றக்காரருக்கு மூச்சு வேண்டும். சும்மா இருப்பவருக்குக் கைக்கு வேலை வேண்டும். பிசிறுக்காரருக்கு நெயில் கட்டர் வேண்டும்.

நெயில் கட்டர் எல்லாருக்குமே வேண்டும். அதில் மடித்து வைத்திருக்கும் சொரசொரப்பான பட்டையால் தினமும் ராத்திரி நக முனைகளை ஒரே திசையில் லேசாகத் தேய்த்துவிடுங்கள், நகத்தோரம் கிளம்பும் தோல் பிசிறைப் பிய்க்காமல் கத்தரித்துவிடுங்கள், தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்து நகக்கண் ஓரமாகத் தேயுங்கள். தோல் மிருதுவாக இருந்தால் பிசிறு கிளம்பாது. கசப்பு வார்னிஷ் போடலாமா என்று கேட்டால், போடலாம், அதில் இருக்கும் டெனட்டோனியம் மிகக் கசப்பான பொருள், கை வாய்க்குப் போனதை அது சொல்லிக்கொடுக்கும். ஆனால் கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு ஒரு சங்கடம், ரசம் சாதமும் சேர்ந்து கசக்கும். இடது கைக்கு மட்டும் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

அடுத்தது மாற்று அசைவு. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு மூன்று வைத்துக்கொண்டால் கை குழம்பும். என் தேர்வு: கட்டைவிரல் நுனியை ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளின் மேல் வைத்து மிக மெதுவாக வட்டமாக வருடுவது, பூவைத் தொடும் அளவு அழுத்தம் போதும். யாருக்கும் தெரியாது, மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் செய்யலாம், பஸ்ஸில் செய்யலாம். பிசிறு தேடுகிற கூட்டம் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், ஏனென்றால் இது அந்தத் தேடலுக்கு ரொம்பப் பக்கம், வருடிக்கொண்டே பிசிறைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். நீங்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கு விரலையும் அதன்மேல் மூடி, மூன்று மூச்சு வரை லேசாக அழுத்திப் பிடியுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு சிக்னலில் ஹேண்டில்பாரைப் பற்றுவதே போதும்.

இப்போது வாக்கியம். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "நான் இனி நகம் கடிக்க மாட்டேன்" என்று எழுதிவைத்துக்கொண்டு நூறு தடவை சொல்கிறார்கள். அதைச் சொன்னவுடன் மனதில் என்ன படம் வருகிறது என்று பாருங்கள், நகம் கடிக்கிற படம்தான் வருகிறது. "என் நகங்கள் அழகாக, நீளமாக இருக்கின்றன" என்பதும் வேண்டாம், கண்ணைத் திறந்தால் பொய் என்று விரலே சொல்லிவிடும். கை கிளம்புகிற இடத்தில் ஆரம்பித்து, கை செய்யப்போகும் வேறு வேலையில் முடிகிற வாக்கியம் வேண்டும். "சிக்னலில் நிற்கும்போது என் கை மேலே கிளம்பினால், நெஞ்சுக்கு நேரே வந்ததும் நின்றுவிடும், கீழே இறங்கி ஹேண்டிலைப் பற்றும்." "மேனேஜர் ஷீட்டைத் திறந்ததும் என் மூச்சு நீளமாக வெளியே போகும், விரல்கள் ஒன்றையொன்று வருடும்." "பிசிறு தட்டுப்பட்டால் கை பையில் இருக்கும் நெயில் கட்டரை எடுக்கும்." உங்கள் முதல் வாரக் குறிப்பில் அதிகம் வந்த ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள், "கெளம்புனா நின்னுரும்" என்று சொல்வதுதான் உங்களுக்கு இயல்பு என்றால் அப்படியே. இலக்கணத் தமிழில் தனக்குத்தானே பேசுகிறவர் யாரும் இல்லை.

நேரம் உங்கள் வசதி. காலையில் குளித்த பிறகு நல்லது, சாப்பிட்டு முடித்தவுடன் வேண்டாம், தூக்கம் வரும். நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில், கை இரண்டும் தொடைமேல். படுக்க வேண்டாம். போனை சைலன்ட்டில் போடுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் பதினைந்து நிமிடம் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீழே இருப்பதை உங்கள் குரலிலேயே மெதுவாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டால் முதல் சில நாட்களுக்கு வசதி. சாதாரணமாகப் பேசும் வேகத்தில் பாதி வேகம், ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு முழு மூச்சு இடைவெளி. குரலை மாற்றிப் பேச வேண்டாம். உங்கள் குரலைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் மனதுக்குப் பிடித்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். வண்டி ஓட்டும்போதும் அடுப்படியில் நிற்கும்போதும் இதைக் கேட்கவே கூடாது.

ஆரம்பத்தில் வரும் கண் அசைவு, அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்பீகல் பயன்படுத்திய முறையை ஒட்டியது, எளிமையானது. மற்றதை உங்களுக்குப் பழக்கமான இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் மேலே உயர்த்துகிறேன். புருவத்தைத் தாண்டி, நெற்றி உச்சியைப் பார்ப்பது போல. அப்படியே மேலே பார்த்தபடி, இமையை மெதுவாக மூடுகிறேன். மூச்சை உள்ளே இழுக்கிறேன். நிறுத்துகிறேன். இப்போது மூச்சை விடுகிறேன், கண்களைத் தளர்த்துகிறேன், உடம்பு லேசாகிறது.

"ஒரு குளத்தின் படிக்கட்டில் நிற்கிறேன். கல் படி, காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் இருக்கும் குளிர்ச்சி பாதத்தில் தெரிகிறது. பத்துப் படி இருக்கிறது. ஒவ்வொரு மூச்சு வெளியே போகும்போதும் ஒரு படி இறங்குகிறேன். பத்து. தோள் தளர்கிறது. ஒன்பது. தாடை தளர்கிறது, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. எட்டு. நாக்கு வாய்க்குள் சும்மா கிடக்கிறது. ஏழு. முழங்கை கனக்கிறது. ஆறு. ஐந்து. விரல்கள் கனக்கின்றன. நான்கு. மூன்று. சத்தம் எது கேட்டாலும் கேட்கட்டும், நான் இன்னும் கீழே போகிறேன். இரண்டு. ஒன்று. தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"என் வலது கை தொடைமேல் இருக்கிறது. அதன் கனம் தெரிகிறது. துணியின் சொரசொரப்பு விரல் நுனியில் தெரிகிறது. ஒவ்வொரு விரலாகக் கவனிக்கிறேன். கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல். மோதிர விரல். சுண்டுவிரல். இந்தக் கை எனக்காக நாள் முழுக்க உழைக்கிறது. இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

"இப்போது அந்த இடத்துக்குப் போகிறேன்."

இங்கே நிறுத்துங்கள், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி. எந்த இடத்தை எழுதினீர்களோ அங்கே போங்கள், அவசரமில்லாமல். மீட்டிங் ரூம் என்றால் ஏசியின் சத்தம், நாற்காலிக் கைப்பிடி, ஸ்கிரீனில் வெளிச்சம், வயிற்றில் பிசைகிற அந்த உணர்வு. அந்த உணர்வு லேசாக வர வேண்டும், அது வந்தால்தான் கை கிளம்பும். வந்ததும் நிஜமாகவே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கையைத் தொடையிலிருந்து உயர விடுங்கள். கற்பனையில் மட்டும் போதாது. மிக மிக மெதுவாக, வயிற்றுக்கு நேரே, நெஞ்சுக்கு நேரே. கை முகத்தை நோக்கிப் போகும்போது முழங்கை மடிவது, மேல்கைச் சதை இழுப்பது, விரல் தானாகவே சுருண்டு நகம் முன்னால் வருவது, இதையெல்லாம் கவனியுங்கள். வருடக்கணக்காக இந்தப் பாதையில் கை போயிருக்கிறது, நீங்கள் ஒருநாளும் கூடப் போனதில்லை. நெஞ்சுக்கு நேரே வந்ததும் உங்கள் வாக்கியத்தைச் சொல்லுங்கள், மனதுக்குள் அல்லது உதடசைத்து. கை நிற்கட்டும். ஒரு நீண்ட மூச்சு வெளியே. விரல்கள் மாற்று அசைவைச் செய்யட்டும், அதன் மென்மை தெரியும் வரை. பிறகு கை தானாகத் தொடைக்கு இறங்கட்டும். இறங்கும்போது கிடைக்கிற அந்தச் சின்ன நிம்மதியை அனுபவியுங்கள், விட்டுவிடாதீர்கள், கைக்கு அதுதான் கூலி.

இதையே மறுபடி. ஐந்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் கையை இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே நிறுத்திப் பாருங்கள், நெஞ்சு, பிறகு வயிறு, பிறகு தொடையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே. சில நாள் கழித்து இடது கைக்கும் செய்யுங்கள். முடிக்கும்போது:

"ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, படி ஏறுகிறேன். மூன்று, கை கால் லேசாகிறது. நான்கு, அறையின் வெளிச்சம் தெரிகிறது. ஐந்து, கண்ணைத் திறக்கிறேன், முழு விழிப்பு."

எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தலை கிறுகிறுத்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

முதல் சில நாள் "எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே, சும்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்" என்று தோன்றும். பரவாயில்லை. மிதப்பது போலவோ உடம்பு மரத்தது போலவோ ஆகியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கை மெதுவாக உயர்ந்து, நின்று, இறங்கியதா? நடந்துவிட்டது. நினைப்பு அலைந்தால் திட்டிக்கொள்ளாமல் அடுத்த மூச்சுக்குத் திரும்புங்கள். கூடவே பகலில் ஒரு சுருக்கப் பதிப்பு வேண்டும்: மீட்டிங்குக்கு முன் பாத்ரூமிலோ, மேட்ச் ஆரம்பிக்கும் முன் சோபாவிலோ, கண்ணை மேலே உயர்த்தி மூடி, மூச்சு விட்டு, கையை ஒரே தடவை உயர்த்தி நிறுத்தி இறக்குங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. காலையில் செய்ததை அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிற வேலை அது, அதை விட்டுவிட்டால் பலன் பாதியாகக் குறையும்.

முன்னேற்றம் எப்படி வரும் என்று தெரிந்திருந்தால் நடுவில் கைவிட மாட்டீர்கள். முதலில் கடிப்பது குறையாது, கடித்தது சீக்கிரம் தெரிய ஆரம்பிக்கும். அதற்கடுத்து நகம் பல்லில் பட்டதும் தெரியும். பிறகு உதட்டில் விரல் பட்டதும். பிறகு பாதி வழியில். பகல் நடுவில் கை நெஞ்சுக்கு நேரே தானாக நின்று, "அட, இது எப்போது இங்கே வந்தது" என்று நீங்கள் அதைப் பார்க்கிற ஒரு நாள் வரும், அந்த நாளில் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியும் நகம் வர நாளாகும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், அடியிலிருந்து நுனிவரை முழுசாகப் புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம். நடுவிரல் முந்தும், கட்டைவிரலும் சுண்டுவிரலும் பின்தங்கும். அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தினமும் நகத்தைப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். இன்னொரு அளவுகோல் சாப்பாட்டில் இருக்கிறது. நகக்கண் கிழிந்திருந்தால் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டதும் சுரீர் என்று எரியுமே, அந்த எரிச்சல் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டு முடித்தால் தோல் ஆறிவிட்டது.

ஒருநாள் பத்து விரலையும் கடித்துவிட்டால்? கடித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். முனையைத் தேய்த்துச் சமன்செய்யுங்கள், எண்ணெய் வையுங்கள், எந்த இடத்தில் நடந்தது என்று குறியுங்கள். பெரும்பாலும் அது உங்கள் வாக்கியத்தில் இல்லாத இடமாக இருக்கும். மீட்டிங்குக்கு ஒத்திகை பார்த்தவர் ஆஸ்பத்திரி வராண்டாவில் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும்போது கடிப்பார், ஏனென்றால் கைக்கு அந்த வராண்டா தெரியாது. மறுநாள் காலை அந்த வராண்டாவை உள்ளே கொண்டுபோங்கள். இப்படி ஒவ்வொரு இடமாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் முறை, ஒரு இடம் அடங்கியபிறகுதான் அடுத்தது. இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் பாதி வழியில் ஒருமுறைகூடக் கை நிற்கவில்லை என்றால், தனியாகச் செய்யும் முறை உங்களுக்குப் போதவில்லை, ஆளைப் பார்க்கலாம்.

குழந்தைகளைப் பற்றி நிறைய அம்மா அப்பாக்கள் கேட்பார்கள். குழந்தைகள் கற்பனைக்குள் பெரியவர்களைவிட வேகமாகப் போய்விடுவார்கள், அதனால் இந்த நீளமான படிக்கட்டெல்லாம் தேவையில்லை, கதை போதும். ஆனால் குழந்தைக்கே விட வேண்டும் என்று தோன்ற வேண்டும், நமக்குத் தோன்றினால் போதாது. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பதால் வயிற்றில் பூச்சி வரலாம் என்பதைப் பயமுறுத்தாமல் ஒருமுறை சொல்லுங்கள். பிறகு தூங்கப்போகும் முன், விழித்திருக்கும்போதே, "கண்ணு, உன் பத்து விரலும் பத்துக் குட்டிங்க, நீதான் அதுங்களுக்குக் காவல்காரன். ஒரு குட்டி வாய்ங்கற குகைப் பக்கம் போனா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே சொல்லட்டும். "புடிச்சுக் கூட்டிட்டு வருவேன்" என்று சொல்லி ஒரு கையால் மறு கை விரலைப் பிடித்தால், அதுதான் அந்தக் குழந்தையின் மாற்று அசைவு, நீங்கள் கண்டுபிடித்ததைவிட நூறு மடங்கு நன்றாக வேலை செய்யும். பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர்கள் முன்னால், "இவன் இன்னும் நகம் கடிக்கிறான் பாரு" என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். வெட்கத்தில் கை இன்னும் வேகமாக வாய்க்குப் போகும்.

ஆளைப் பார்ப்பது என்றால் யாரை? போர்டில் "ஹிப்னோதெரபிஸ்ட்" என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துப் போகாதீர்கள், சில நாள் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டும் அப்படி எழுதிவிடலாம். மனநல மருத்துவரா, அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்த மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள், பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது, அங்கே ஹிப்னாடிசம் செய்யாவிட்டாலும் பழக்கத்தை மாற்றும் பயிற்சி பற்றிக் கேட்கலாம். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். முதல் சந்திப்பில் அவர் உங்கள் கை எங்கே எப்போது கிளம்புகிறது என்று விசாரிக்கிறாரா என்று கவனியுங்கள். அதைக் கேட்காமல் நேராகக் கண்ணை மூடச் சொல்கிறவர், ஒரே அமர்வில் நூறு சதவீதம் உத்தரவாதம் என்கிறவர், நகம் கடிப்பதற்குப் போன ஜென்மத்தில் காரணம் தேடுகிறவர், மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கேட்கிறவர், இவர்களிடமிருந்து நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். தனி அறையில் கண் மூடி உட்காரத் தயக்கமாக இருந்தால் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

நகம் வளர்ந்து, வெள்ளை முனை பத்து விரலிலும் தெரிய ஆரம்பித்தபிறகு தினமும் உட்கார வேண்டியதில்லை, வாரம் இரண்டு நாள் போதும், அப்புறம் அதையும் விட்டுவிடலாம். நெயில் கட்டரை மட்டும் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். தேர்வு, இன்டர்வியூ, வீடு மாறுவது, வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று ஒன்று வருகிறது எனத் தெரிந்தால், அதற்கு ஒரு வாரம் முன்பே காலைப் பயிற்சியை மறுபடி ஆரம்பித்து, அந்தத் தேர்வு ஹாலையோ ஆபரேஷன் தியேட்டர் வாசலையோ வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.